துயரத்தைக் கணக்காக மாற்றிய குமாஸ்தா

1919-ம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்திலிருந்து வந்த "நகோயா" என்ற கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து ஓர் இளைஞர் மெல்ல இறங்கினார். வயது 31. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மதராசில் கப்பல் ஏறியபோது நல்ல பருமனாக இருந்தவர், இப்போது எலும்பும் தோலுமாக இருந்தார்.

கரையில் அவருடைய தாயாரும் தம்பியும் காத்திருந்தார்கள். இளைஞரின் கண்கள் இன்னொருவரைத் தேடின. ஜானகி எங்கே என்று கேட்டார். வந்ததும் வராததுமாக அவளைப் பற்றிய கேள்விதானா என்று தாயார் சலித்துக்கொண்டார்.

அந்த இளைஞர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன். லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியின் பெல்லோ. இந்தியாவின் பத்திரிகைகளில் எல்லாம் பெயர் அடிபட்டவர். ஆனால் பம்பாயில் இறங்கியபோது அவருக்கு வேண்டியிருந்தது மாலை மரியாதை அல்ல. வீட்டு மனுஷி ஒருத்தியின் முகம்.

பம்பாயிலிருந்து மெயில் ரயிலில் மதராசுக்கு அழைத்துச் சென்றார்கள். மதராஸ் மெயில் செல்லும் அந்தத் தடம் மாதுங்கா, சயான், குர்லா வழியாகத்தான் போகிறது. இன்று தாராவித் தமிழர்கள் தினமும் மின்சார ரயில் பிடிக்கும் அதே தடத்தில்தான், கல்யாண், புனே, ராய்ச்சூர், குண்டக்கல் என்று அந்த நோயாளி ஊர் திரும்பினார். அதன்பின் அவர் உயிரோடு இருந்தது ஓராண்டும் சில நாட்களும்தான்.

ராமானுஜனின் கணக்குகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அவருடைய மனதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. தோல்வி, அவமானம், வறுமை, தனிமை, நோய் எல்லாவற்றையும் 32 வயதுக்குள் பார்த்துவிட்டவர் அவர். அத்தனையையும் ஒரு மனிதனின் மனம் எப்படித் தாங்கியது? எந்த இடத்தில் தாங்க முடியாமல் போயிற்று?

கூரையில் ஒளித்த காகிதங்கள்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார்.

ராமானுஜனுக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகச் சிசுவிலேயே இறந்தன. மூத்த பையனுக்கும் இரண்டு வயதில் அம்மை கண்டது. பிழைத்தான். மூன்று வயது வரை அவன் சரியாகப் பேசவில்லை என்பார்கள். இப்படிப்பட்ட வீட்டில் தாய்க்கும் மகனுக்கும் ஒட்டுதல் அதிகமாகத்தான் இருக்கும். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள்.

பையன் படிப்பில் சுட்டி. 1897-ல் ஆரம்பப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான். அதே சமயம் மகா ரோஷக்காரன். கணக்கில் ஒரு நண்பன் தன்னைவிட ஒரே ஒரு மார்க் கூடுதலாக வாங்கிவிட்டான் என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது கோணக்கணிதத்தில் தானாகவே ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தான். ஆனந்தம் சொல்லி முடியாது. பிறகுதான் தெரிந்தது, அதை ஆய்லர் என்ற ஐரோப்பியர் 100 ஆண்டுகளுக்கு மேல் முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று. வேறு பையனாக இருந்தால், நமக்கும் அது தோன்றியதே என்று பெருமைப்பட்டிருப்பான். ராமானுஜனுக்கோ அவமானம் தாங்கவில்லை. கணக்குப் போட்ட காகிதங்களை எல்லாம் கொண்டுபோய் வீட்டுக் கூரையில் செருகி மறைத்துவிட்டான்.

கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டால் வலிக்காது என்று மனம் நினைக்கிறது. குழந்தைகள் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள் என்று எண்ண வேண்டாம்.

விசாகப்பட்டினத்துக்கு ஓட்டம்

1904-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கணக்கில் பரிசு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம். இதற்குள் கார் என்பவர் எழுதிய ஒரு கணக்குப் புத்தகம் பையன் கையில் கிடைத்திருந்தது. ஏறக்குறைய 5,000 தேற்றங்களின் தொகுப்பு அது. விடைகள் உண்டு, விளக்கம் அவ்வளவாக இல்லை. அந்தப் புத்தகம் அவரை விழுங்கிவிட்டது. வேறு பாடத்தைத் தொடவே இல்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார். உதவித்தொகை போயிற்று.

உதவித்தொகை இல்லாமல் படிக்க வைக்க, ஜவுளிக்கடைக் குமாஸ்தாவால் முடியாது. வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யாரும் ஊகித்துக்கொள்ளலாம். 1905 ஆகஸ்டில் 17 வயது ராமானுஜன் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டார். பையனைக் காணோம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. பிறகு வீடு திரும்பினார்.

1906-ல் மதராஸ் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். நோய் வந்தது; ஊருக்குத் திரும்பினார். எப்.ஏ. தேர்வில் கணக்கில் கெட்டிக்காரர், மற்றப் பாடங்களில் தோல்வி. 1907-ல் தனியாக எழுதினார். அதிலும் தோல்வி.

பட்டம் இல்லை. வேலை இல்லை. ஒரு வேளை சாப்பாட்டுக்கு நண்பர் வீட்டை எதிர்பார்க்கும் நிலை. கும்பகோணத்தில் வீட்டுத் திண்ணையில், காலை மடித்து உட்கார்ந்து, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக் கணக்குப் போட்டபடி இருப்பார். தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள். போகிறவர் வருகிறவர் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர் தலை நிமிர மாட்டார். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டு. துணியால் துடைக்க நேரமில்லாததால் முழங்கை. முழங்கை கறுத்துப் போயிருக்கும்.

ஊர் கண்ணுக்கு அது சோம்பேறித்தனம். உண்மையில் அந்தச் சிலேட்டுதான் அந்த ஆண்டுகளில் அவரைக் காப்பாற்றியது.

மனம் போடும் கேடயம்

வெயில் பட்டால் கை தானாகக் கண்ணை மறைக்கிறது. அதுபோல, தாங்க முடியாத உணர்ச்சி ஒன்று வரும்போது மனமும் தானாக ஒரு மறைப்பைத் தேடிக்கொள்கிறது. இதை மனோதத்துவ நூல்கள் தற்காப்பு உத்திகள் என்கின்றன. வியன்னா நகர டாக்டர் பிராய்டு 1894-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார். அவருடைய மகள் அன்னா பிராய்டு 1936-ல் ஒரு புத்தகமாகவே விளக்கினார். நம் நாட்டில் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே மனப்பகுப்பாய்வுக்கு ஒரு சங்கம் அமைத்து, பிராய்டுடன் கடிதத் தொடர்பும் வைத்திருந்தார்.

இந்த உத்திகளில் பல ரகம் உண்டு. நடந்ததை நடக்கவே இல்லை என்று சாதிப்பது ஒன்று. அலுவலகத்தில் மேலதிகாரி மேல் வந்த கோபத்தை வீட்டில் பிள்ளைகள் மேல் இறக்குவது ஒன்று. எட்டாத பழம் புளிக்கும் என்பது ஒன்று. தன் தப்புக்குப் பிறரைக் குற்றவாளியாக்குவது ஒன்று. இவை அந்த நேரத்துக்கு வலியைக் குறைக்கும்; பிறகு வட்டியோடு வசூலிக்கும்.

வேறு சிலவும் உண்டு. வேதனையை வேலையாக மாற்றுவது, சிரிப்பாக மாற்றுவது, தான் பட்ட கஷ்டம் இன்னொருவன் படக்கூடாது என்று உதவியாக மாற்றுவது, இப்போது அழ நேரமில்லை, பிறகு பார்க்கலாம் என்று தெரிந்தே ஒத்திவைப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட், ஹார்வர்டு மாணவர்கள் சிலரை வாலிபம் முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வை வைத்து 1977-ல் ஒரு நூல் எழுதினார். வாழ்க்கையில் நன்றாக இருந்தவர்கள் கஷ்டப்படாதவர்கள் அல்ல, இந்த இரண்டாவது வகைக் கேடயங்களைப் பிடித்தவர்கள் என்று அவர் கண்டார்.

ஒத்திவைப்பதும் மறைப்பதும் வேறு வேறு. ஒரு பைலை நிலுவைத் தட்டில் வைத்தால் நாளைக்கு அது மேஜைக்கு வந்தே தீரும். அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டால், என்றாவது ஆடிட் வரும்போதுதான் வெளியே வரும். குமாஸ்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ராமானுஜனிடம் இரண்டு வகையும் இருந்தன. கூரையில் ஒளித்ததும், ரயிலேறி ஓடியதும் முதல் வகை. திண்ணைச் சிலேட்டு இரண்டாம் வகை.

மாதம் 30 ரூபாய்

1909 ஜூலை 14-ந்தேதி அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் ஜானகிக்கு வயது 10. இராசேந்திரம் கிராமத்துப் பெண். அந்தக் காலத்து வழக்கம் அது. பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்பது தாயாரின் எண்ணம்.

அடுத்த ஆண்டு ஓர் அறுவை சிகிச்சை. பணமில்லாததால் டாக்டர் இலவசமாகச் செய்தார். உடல்நிலை மோசமாக இருந்த ஒரு சமயம், ரயிலேற்றிவிட வந்த நண்பரிடம் தன் கணக்கு நோட்டுகளைக் கொடுத்து, தான் இறந்துவிட்டால் இன்ன பேராசிரியரிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அந்த வயதில் பிறர் தங்கள் சொத்தென்று கடிகாரத்தையோ மோதிரத்தையோ சொல்வார்கள். அவருக்கு இருந்தது இரண்டு நோட்டு.

நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வேலை தேடினார். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டர் ராமசாமி அய்யர், பிறகு பேராசிரியர் சேஷு அய்யர், பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று படியேறினார். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். இனாமாக வாங்குவது உறுத்தியது. கடைசியில் 1912 மார்ச் 1-ந்தேதி மதராஸ் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் 30 ரூபாய்.

அங்கே அவருக்கு ஒரு நல்லவர் வாய்த்தார். தலைமைக் கணக்கர் நாராயண அய்யர். மேலதிகாரியாக இருந்தும், இரவில் ராமானுஜனோடு ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். ராமானுஜன் பத்துப் படி தாண்டிக் குதித்துவிடுவார். தனக்குப் புரியவில்லை, நடுவில் உள்ள படிகளையும் எழுது என்று அவர் கேட்பார். இந்த இரவு நேரச் சிலேட்டுத் துணைதான், திண்ணைக் காலத்தில் ராமானுஜனுக்கு இல்லாமல் போனது. அதே வேலை, அதே கணக்கு. ஆனால் பக்கத்தில் ஒரு மனுஷன்.

1913 ஜனவரி 16-ந்தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். அதில் தான் ஒரு குமாஸ்தா என்பதையும், பட்டம் பெறாதவர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கூரையில் காகிதத்தைச் செருகிய பையன் இவ்வளவு தூரம் வந்திருந்தான். ஹார்டி உடனே பதில் எழுதினார். மே மாதம் முதல் மதராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது.

கேம்பிரிட்ஜில் ஒண்டிக்கட்டை

1914 மார்ச் 17-ந்தேதி மதராசில் "நெவாசா" கப்பல் ஏறினார். தாயாரையும் மனைவியையும் சில நாள் முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமி எடுத்து, கோட்டு போட்ட கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று. கப்பல் புறப்படும்போது அவர் கண்கலங்கினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை. அதில் மாதம் 60 ரூபாய் ஊருக்குப் போக ஏற்பாடு. வெளியூர் வேலைக்குப் போகும் எந்தத் தமிழனும் முதலில் செய்வது அதைத்தானே!

ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. கல்லூரி காலியாயிற்று. காய்கறியும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று. சைவ உணவு விரதத்தை ராமானுஜன் விடவில்லை. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாமல், அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்தார். மதராசிலிருந்து பார்சலில் சாமான்கள் வந்தன. வேலை மும்முரத்தில் ஒரு நாளைக்கு ஒரு வேளை, சில நாள் அதுவும் இல்லை. இரவு முழுவதும் கணக்கு, பகலில் தூக்கம்.

மாதுங்காவில் மெஸ் சாப்பாடும், தாராவியில் ஒரே அறையில் எட்டுப்பேர் பங்கு போட்டுப் பொங்கித் தின்பதும் எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது இந்த இடத்தில் புரியும். சண்டை போடவாவது எட்டுப்பேர் இருக்கிறார்கள். ராமானுஜனுக்கு அதுவும் இல்லை.

குளிரில் தூங்க முடியாமல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். கட்டிலில் கம்பளிகள் அடுக்கி விரித்துத்தான் இருந்தன. அவற்றுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மேலேயே படுத்திருந்தார்! பின்னாளில் பெரிய புள்ளியியல் நிபுணரான மகலனோபிஸ், அப்போது அங்கே மாணவர். அவர் ஒருநாள் அறைக்கு வந்து பார்த்துத்தான் சொல்லிக் கொடுத்தார். யாரிடமும் கேட்காமல் இருந்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இன்னொரு சம்பவம். நண்பர் ஒருவருக்கும் அவருக்கு நிச்சயமான பெண்ணுக்கும் ராமானுஜன் தன் கையால் சமைத்து விருந்து வைத்தார். ரசம் அருமை என்று இரண்டாம் முறை வாங்கிக் குடித்தவர்கள், மூன்றாம் முறை போதும் என்றார்கள். ராமானுஜன் எழுந்து வெளியே போனார். திரும்பவில்லை. எங்கே என்று தேடினால், டாக்சி பிடித்து ஆக்ஸ்போர்டு போய்விட்டிருந்தார்! தன் சமையலை மறுத்துவிட்டார்களே என்று மனம் புண்பட்டுவிட்டது. 17 வயதில் விசாகப்பட்டினம் ஓடிய கால்கள், 30 வயதை நெருங்கியும் அதே பழக்கத்தை மறக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவர் செய்த வேலை மலைக்க வைக்கிறது. 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? நாலு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள். ஆக 5 விதம். 100 என்ற எண்ணுக்கு? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம். எழுதிப் பார்க்காமல் இதைக் கணக்கிட ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து ஒரு சூத்திரம் கண்டார்கள். 1916-ல் அவருக்கு ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கிடைத்தது. மதராசில் எப்.ஏ. தேறாதவர்!

கடிதங்கள் நின்றன

போன புதிதில் மாதம் மூன்று நான்கு கடிதம் ஊருக்கு எழுதினார். செளக்கியம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று எழுதினார். வெளியூரில் இருப்பவன் வீட்டுக்கு எழுதும் முதல் பொய் எப்போதும் இதுதான். இன்று கைபேசியில் சொல்கிறார்கள். அன்று கடிதத்தில் எழுதினார்கள்.

இங்கே கும்பகோணத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவருக்குப் போகவில்லை. அவர் எழுதியது ஜானகி கைக்கு வரவில்லை. நடுவில் மறிக்கப்பட்டன. இங்கிலாந்துக்கு வரட்டுமா என்று ஜானகி கேட்டதும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. சகோதரர் கல்யாணத்தைக் காரணமாகச் சொல்லிப் புறப்பட்ட ஜானகி புகுந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மனைவி ஏன் எழுதுவதில்லை என்று ராமானுஜன் குமைந்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நாளடைவில் அவரும் வீட்டுக்கு எழுதுவதைக் குறைத்துவிட்டார்.

தினமும் எதிரில் உட்கார்ந்த ஹார்டிக்கே இது தெரியாது. ஹார்டி நேர்மையானவர், ராமானுஜனைத் தூக்கிவிட்டவர். ஆனால் பிறர் சொந்த விஷயத்தைக் கேட்பது அநாகரிகம் என்று வளர்ந்தவர். இருவரும் பேசியது கணக்கு மட்டும். கேடயத்துக்குப் பின்னால் இருந்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

1917-ல் நோய் வந்தது. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். நர்சிங் ஹோம், பிறகு சானடோரியம் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்துபோட்டுக் குளிர்ந்த காற்றில் படுக்க வைப்பது அக்காலக் காசநோய் சிகிச்சை. கும்பகோணத்துக்காரர் அதை எப்படித் தாங்குவார்? விரல் விறைத்துப் பேனா பிடிக்க முடியவில்லை. குளியலறை கதகதப்பாக இருந்ததால் அங்கே போய் உட்கார்ந்து கணக்குப் போட எண்ணினார். டாக்டர்களோடு தகராறு, சமையல்காரரோடு தகராறு.

அந்த ஆண்டு டிரினிடி கல்லூரி பெல்லோ பதவிக்கு அவர் பெயர் போய், நிராகரிக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். இத்தனை காலம் எல்லா வேதனையையும் கணக்கில் கொட்டி வந்தவர். இப்போது கணக்குப் போடவும் கை வரவில்லை. வீட்டுக் கடிதம் இல்லை. கூடப் பேச ஆளில்லை. ஒற்றைத் தூணில் நின்ற வீடு. அந்தத் தூணும் ஆடியது.

1918-ன் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் தண்டவாளத்தில் விழுந்தார். நிலைய ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டு விசையை இழுத்தார். சில அடி தூரத்தில் ரயில் நின்றது. காலில் ரத்தக் காயம். தற்கொலை முயற்சி என்று போலீஸ் பிடித்தது. ஹார்டி ஓடிவந்து, இவர் பெரிய மேதை என்று எடுத்துச் சொல்லி மீட்டார்.

ஒரு ரயில்வே ஊழியரின் கண் அன்று சரியாக இருந்தது. அது இல்லாவிட்டால் இனிச் சொல்லப்போகும் எதுவும் இல்லை.

1729

பிறகு நடந்ததில் ஒரு பாடமே இருக்கிறது. ஹார்டியும் நண்பர்களும் விழித்துக்கொண்டார்கள். 1918 மே 2-ந்தேதி ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அக்டோபரில், முந்தைய ஆண்டு கைவிரித்த டிரினிடி கல்லூரியும் பெல்லோ பதவி தந்தது. நோய் தீரவில்லை. ஆனால் மனம் எழுந்து உட்கார்ந்தது. மறுபடியும் கணக்குகள் பிறந்தன.

லண்டனை அடுத்த பட்னியில் படுக்கையில் இருந்தவரைப் பார்க்க ஹார்டி டாக்சியில் போனார். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். படுத்திருந்த ராமானுஜன் மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்றார். 1-ன் கனமும் 12-ன் கனமும் சேர்ந்தால் 1729. 9-ன் கனமும் 10-ன் கனமும் சேர்ந்தாலும் 1729. அதைச் சொன்னவர் கால்கள் தண்டவாளத்தில் அடிபட்டு அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

மதராஸ் பல்கலைக்கழகம் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக அறிவித்தது. 1919 ஜனவரியில் ராமானுஜன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இது தனக்குத் தேவைக்கு மேல் என்றும், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தன் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். உதவித்தொகை பறிபோனதால் வீட்டைவிட்டு ஓடிய பையனின் காயம், 14 ஆண்டுக்குப் பின் இந்தக் கடிதமாக வந்தது. அவர் எழுதியவற்றில் எல்லாம் மிக உயர்ந்தது இது என்றால் கணித நிபுணர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

சேத்துப்பட்டில்

அடுத்த மாதங்களில்தான் பம்பாய் வந்து இறங்கினார். மதராசில் ஜானகி வந்து சேர்ந்தார். கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மதராஸ் சேத்துப்பட்டில் வைத்தார்கள். 20 வயது ஜானகி வெந்நீர் ஒற்றடம் கொடுத்தும், பால் கொடுத்தும் இரவு பகலாகக் கவனித்தார். நீ மட்டும் இங்கிலாந்துக்கு வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று ராமானுஜன் அடிக்கடி சொல்வாராம். இரண்டு பேருக்கும் நடுவில் கடிதங்கள் நின்றது எப்படி என்பது அப்போதுதான் தெரிந்தது.

சில நாள் எரிந்து விழுவார். சில நாள் சிரிக்க வைப்பார். சேத்துப்பட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், எல்லாம் சட்டுப்புட்டென்று முடிந்துவிடும் என்று ஊர்ப் பெயரை வைத்தே கேலி செய்தார். மரணத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே அதைக் கேலி செய்ய, தைரியம் வேண்டும். அதுவும் ஒரு கேடயம்தான். ஆனால் இது கண்ணை மறைக்காத கேடயம்.

1920 ஜனவரி 12-ந்தேதி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் "மாக் தீட்டா" என்ற புதுவகைச் சார்புகளைக் கண்டதாகச் சொல்லி 17 உதாரணங்கள் கொடுத்தார். வலி பொறுக்க முடியாத நேரத்திலும் சிலேட்டைக் கேட்பார். எழுதி முடித்த தாள்களை ஜானகி எடுத்துப் பத்திரப்படுத்துவார். கும்பகோணம் திண்ணையில் இருந்த அதே வேலை. இந்த முறை காகிதங்களைக் கூரையில் செருகவில்லை. வாங்கி வைக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

1920 ஏப்ரல் 26-ந்தேதி ராமானுஜன் இறந்தார். வயது 32.

அவருக்கு வந்தது காசநோய் அல்ல, அமீபா கிருமியால் ஈரலில் வரும் நோயாக இருந்திருக்கலாம், அன்றைய வைத்தியத்திலேயே அதைக் குணப்படுத்தி இருக்க முடியும் என்று 1994-ல் ஒரு மருத்துவ ஆய்வு கூறியது.

அந்தக் கடைசி ஆண்டுத் தாள்கள் 1923-ல் ஹார்டிக்குப் போய், கைமாறி, டிரினிடி கல்லூரி நூலகத்தில் பெட்டிக்குள் கிடந்தன. 1976-ல் அமெரிக்கக் கணித நிபுணர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 100 பக்கங்களுக்கு மேல் சூத்திரங்கள். இன்றும் அவற்றின் மேல் ஆராய்ச்சி நடக்கிறது.

ஜானகியின் தையல் மெஷின்

மகனை இழந்த கோமளத்தம்மாள், எல்லாவற்றுக்கும் மருமகளின் ஜாதகமே காரணம் என்று நம்பியதாகச் சொல்வார்கள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்துவிட்டு, மூத்த மகனைக் கண்ணாகக் காத்தவர். இவ்வளவு பெரிய துக்கத்தை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். பாவம், அது 21 வயது விதவையின் தலையில் இறங்கியது.

ஜானகி புறப்பட்டு வந்த இடம் பம்பாய். இங்கே சகோதரர் வீட்டில் பல ஆண்டுகள் இருந்தார். ஊரில் விதவைப் பெண் மூலையில் உட்கார வேண்டிய காலம் அது. இங்கே அவர் தையல் கற்றுக்கொண்டார். ஆங்கிலமும் கற்றார். 1930-களின் தொடக்கத்தில் மதராசுக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் தனியாக வீடு எடுத்துத் தங்கினார். பல்கலைக்கழகம் தந்த பென்ஷன் மாதம் 20 ரூபாய். போதாத பாக்கிக்குத் துணி தைத்தார். அக்கம் பக்கத்துப் பெண்களுக்கும் தையல் சொல்லிக் கொடுத்தார். 1950-ல் ஓர் அநாதைப் பையனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்து ஆளாக்கினார்.

உலகத்துக் கணித நிபுணர்கள் எல்லாம் அந்த வீட்டைத் தேடி வந்தார்கள். வந்தவர்களிடம் அவர் கணவரின் கணக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. ஒற்றடம் கொடுத்ததையும், தாள்களை எடுத்து வைத்ததையும் சொன்னார்.

1994 ஏப்ரல் 13-ந்தேதி ஜானகி அம்மாள் 95-வது வயதில் காலமானார். கணவருடன் அவர் வாழ்ந்த காலம், எல்லாவற்றையும் கூட்டினாலும், மூன்று ஆண்டுக்கு மேல் தேறாது. தைத்தது அரை நூற்றாண்டு.